நாலே முக்கால் பஸ்ஸில் வந்த கட்டு

மாலைப் பேப்பருக்கு ஆயுசு மூன்று மணி நேரம். ஐந்து மணிக்குக் கட்டைப் பிரித்தால் எட்டுக்குள் விற்றாக வேண்டும். எட்டு தாண்டிவிட்டால் அது வர்க்கி மடிக்கிற தாள்தான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆறடி அகலத்தில் எங்களுக்கு ஒரு கடை. விடியற்காலையில் காலைப் பத்திரிகை, சாயங்காலம் மாலைப் பத்திரிகை, நடுவில் வெற்றிலை பாக்கு, தீப்பெட்டி, தபால் தலை. 1988-இல் அப்பாவுக்கு மேடு ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியது. நான் கடையில் உட்கார்ந்தேன். 2021 டிசம்பரில் மாலைப் பேப்பர் ஏஜென்சி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நடுவில் முப்பத்துமூன்று வருஷம். அந்த வருஷங்களில் பார்த்ததையும், கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

கோயமுத்தூரில் மதியம் அச்சாகிற பேப்பர் மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியார், மரப்பாலம், காட்டேரி என்று மலை ஏறி எங்கள் ஊருக்கு வர நாலே முக்கால் ஆகும். சேரன் போக்குவரத்துக் கழக பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் கட்டு கிடக்கும். அடிப்பக்கம் இன்ஜின் சூட்டில் வெதுவெதுவென்று இருக்கும். மேல்பக்கம் வழியில் அடித்த சாரலில் நமுத்திருக்கும். சணலை அறுத்ததும் முதல் வேலை, நடுக்கட்டிலிருந்து பத்துப் பதினைந்து பிரதியை உருவுவது. அவைதான் மொறுமொறுவென்று இருக்கும். அவசரக்காரர்களுக்கு அதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, நமுத்த பிரதிகளைக் கரி அடுப்புக்கு மேலே கம்பி வலையில் வைத்துப் புரட்டுவோம். ஈரப் பேப்பரை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைக்கக் கூடாது. ஒட்டியபடியே அடுக்காகச் சூடு காட்டி, ஈரம் போன பிறகு பிரிக்க வேண்டும். ஈரத்தோடு பிரித்தால் மடிப்பில் கிழியும். மடிப்பின் மேல் இருக்கிற எழுத்து மங்கிப் போகும். இந்த மடிப்பு விஷயம் எனக்கு எவ்வளவு பெரிய பாடமாக வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காலைப் பத்திரிகை நள்ளிரவில் அச்சுக்குப் போய்விடும். விடிந்து நடப்பதெல்லாம் அதில் மறுநாள்தான் வரும். காலை பதினோரு மணிக்குக் கோர்ட் தீர்ப்பு, சட்டசபையில் வெளிநடப்பு, எங்கோ ரயில் கவிழ்ந்தது என்றால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு பகல் பொழுதை நம்பித்தான் மாலைப் பத்திரிகைகள் பிறந்தன. சென்னையில் 1868-இலேயே 'தி மெயில்' என்ற ஆங்கில மாலைப் பத்திரிகை தொடங்கிவிட்டது. 1981 வரை வந்தது. தமிழில் இதைச் சாமானிய மனிதரின் கைக்குக் கொண்டுவந்தவர் சி.பா. ஆதித்தனார். 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியவர், பிறகு மாலை முரசையும் தொடங்கினார். தந்தி குழுமத்திலிருந்து மாலை மலர் வந்தது. சென்னையில் மக்கள் குரல், பிற்பாடு தமிழ் முரசு. சின்னச் சின்ன வாக்கியம், பெரிய எழுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற தலைப்பு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் பழக்கத்தை நம் ஊர்களில் வளர்த்ததில் இந்தப் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் கடையில் யார் வாங்கினார்கள்? அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள். மார்க்கெட் மூட்டைக்காரர்கள், டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள், ராத்திரி டியூட்டிக்குப் போகும் பஸ் கண்டக்டர்கள். வேலை முடிந்து கைகால் கழுவிவிட்டு ஒரு டீயோடு உட்காருகிறவர்களின் பேப்பர் அது. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் காலைப் பத்திரிகைகளைவிட மாலைப் பத்திரிகைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அவற்றை வாழவைத்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு அருவங்காட்டுக்காரர்களின் முகம்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு கூட்டம் தேயிலை எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தது. 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நீலகிரி முழுக்கக் குடியேறின. அவர்களுக்குப் பேப்பர் மேல் ஒரு தனிப் பற்று. இலங்கைச் செய்தி ஏதாவது வந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். எண்பதுகளின் கடைசியில் கொலக்கம்பை பக்கத்து லைனில் ஒரு பெரியவர் தினம் ஒரே ஒரு பிரதி வாங்கிப் போவார். கடைசி பஸ்ஸில் இறங்கிப் போனதும் லைன் வாசலில் அரிக்கேன் வைத்து உரக்கப் படிப்பாராம். ஒரு நாள் ஏதோ வேலையாக அங்கே போனவன் நேரில் பார்த்தேன். இருபது பேருக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தி, "கொழும்புச் சேதிய இன்னொருக்கா படி தம்பி" என்றாள். ஒரு பிரதி விற்றோம் என்று நாங்கள் கணக்கு எழுதிய இடத்தில் இருபது வாசகர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த லைனுக்குப் போகிற பிரதியை நடுக்கட்டிலிருந்துதான் எடுத்து வைப்பேன்.

சில நாட்களில் விற்பனை பொங்கி வழியும். தேர்தல் ஓட்டு எண்ணுகிற நாள், பெரிய தலைவர் யாராவது காலமான நாள், கிரிக்கெட் மேட்ச் நாள். கடைசிப் பக்கத்தில் 'கடைசி நேரச் செய்தி' என்று ஒரு கட்டம் இருக்கும்; முதலில் அதைத்தான் புரட்டுவார்கள். தினசரி விற்பனையைத் தாங்கிப் பிடித்ததோ லாட்டரி. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் சட்டைப் பையில் சீட்டை வைத்துக்கொண்டு நாலரைக்கே வந்து நிற்பார். முடிவு பார்த்ததும் அநேகமாகப் பேப்பரை எங்கள் கடையிலேயே போட்டுவிட்டுப் போய்விடுவார். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டபோது எங்கள் மாலை விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே மாதத்தில் போயிற்று. ஆனாலும் அந்தத் தடையை நான் இன்றைக்கும் சரியென்றே சொல்வேன். கூலியில் பாதியைச் சீட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து என் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த விற்பனையை நாங்கள் வாசகர் எண்ணிக்கை என்று நம்பிக்கொண்டிருந்ததுதான் தவறு. எதற்காக நம்மிடம் வருகிறார்கள் என்று தெரியாமல் கூட்டத்தை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

பள்ளிக்கூட ரிசல்ட் நாளைப் பற்றிச் சொல்லாமல் மாலைப் பேப்பரைப் பற்றிப் பேசவே முடியாது. இன்றைக்குப் போனில் மார்க்கோடு வந்துவிடுகிறது. அன்றைக்குப் பாஸானவர்களின் நம்பர் மட்டும் பக்கம் பக்கமாக, எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்தில் அச்சாகும். பேப்பரில் நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம், பத்தாம் வகுப்பு ரிசல்ட். பர்லியாருக்குக் கீழே ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. கடை முன்னால் பிள்ளைகளும் பெற்றோரும் நூறு பேருக்கு மேல். ஒரு நண்பரின் புல்லட்டில் கீழே போய், மரத்தைத் தாண்டிக் கட்டை வாங்கிக்கொண்டு மேலே வந்து சேர ஆறரை ஆகிவிட்டது. மழையில் கட்டு முழுக்க நனைந்திருந்தது. சூடு காட்ட நேரமில்லை. கூட்டம் மேலே விழுகிறது. ஈரத்தோடு பிரித்து, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நானே நம்பர் பார்த்துச் சொன்னேன். வண்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை. துண்டுச் சீட்டில் நம்பர் எழுதி நீட்டினாள். மேலும் கீழும் பார்த்தேன். "இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மழையில் நடந்து போனாள்.

எட்டு மணிக்குக் கூட்டம் கலைந்த பிறகு அடுப்புப் பக்கத்தில் இருந்த காய்ந்த பிரதி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நம்பர் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. அது அங்கே இருந்தது. நான் பார்த்த பிரதியில் அது மடிப்பின் மேல் விழுந்து, ஈரத்தில் மங்கிப் போயிருந்தது. நானும் அப்பாவும் டார்ச் எடுத்துக்கொண்டு நடந்தோம். வீடு தெரியாது. மூன்று வாசலில் விசாரித்து நாலாவது வீட்டில் கண்டுபிடித்தோம். அந்தப் பிள்ளை விளக்கு ஏற்றாத அறையில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. அவளுடைய அம்மா பேப்பரைக் கையில் வாங்கித் தலைகீழாகப் பிடித்தபடி, "எங்கண்ணு, எங்க இருக்கு, காட்டுங்க" என்று கேட்ட குரல் இப்போதும் காதில் இருக்கிறது. அப்பா வரும் வழியில் என்னைத் திட்டவில்லை. "பாஸுனா நீ சொல்லு. இல்லைங்கறதை மட்டும் அவங்க கண்ணாலயே பார்க்கட்டும்" என்றார். அடுத்த வருஷத்திலிருந்து ஒரு பிரதியை நன்றாகக் காயவைத்து, பலகையில் விரித்துக் கண்ணாடி போட்டு, வாசலில் விளக்கோடு மாட்டிவிடுவோம். அதே பலகை பிறகு வேறு ஒரு வேலைக்கும் வந்தது.

தேய்வு எப்போது தொடங்கியது என்று கேட்டால் எல்லோரும் டி.வி. என்பார்கள், செல்போன் என்பார்கள். அதில் உண்மை உண்டு. 1993-இல் சன் டி.வி. வந்தது. 2000-க்குப் பிறகு நாள் முழுக்கச் செய்தி சொல்லும் சேனல்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2011-இல் புதிய தலைமுறை வந்தபோது சாயங்காலச் செய்திக்காகக் கடைக்கு நடக்க வேண்டிய அவசியமே பலருக்கு இல்லாமல் போனது. 2016-இல் ஜியோ வந்ததும் பஸ்ஸில் கட்டு கல்லாறு தாண்டுவதற்குள் செய்தி ஊட்டி வரைக்கும் போய்விட்டது. லண்டனில் 1827-இல் தொடங்கிய ஈவினிங் ஸ்டாண்டர்டு, 2009-இல் இலவசப் பத்திரிகையாகி, 2024 செப்டம்பரில் தினசரி அச்சையே நிறுத்தி வாரப் பத்திரிகையானது. அவ்வளவு பெரிய நகரத்திலேயே அந்த நிலை.

எங்கள் மலையிலோ இவை எல்லாவற்றுக்கும் முன்னாலேயே வேறொன்று நடந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிப் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. கிலோவுக்குக் கிடைத்த காசு பறிகூலிக்கே காணாது என்ற நிலையில் சிறு விவசாயிகளின் பிள்ளைகளும், லைன்களில் இருந்த இளவட்டங்களும் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். ஊட்டி இந்து நகரில் 1960-இல் நிறுவப்பட்ட பிலிம் தொழிற்சாலை நலிந்து, குடியிருப்பு காலியாகிக்கொண்டே வந்தது. எஸ்டேட்டுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நல்ல உழைப்பாளிகள். அவர்களுக்குத் தமிழ் பேச வரும்; படிக்க வராது. அரிக்கேன் வைத்துப் படித்த அந்தப் பெரியவரின் லைனில் 2010 வாக்கில் தமிழ்ப் பேப்பர் வாங்குகிற வீடு ஒன்றுகூட மிச்சமில்லை. டவர் கிடைக்காத பள்ளத்து லைன்களில்தான் மாலைப் பேப்பர் கொஞ்ச காலம் கூடுதலாக உயிரோடு இருந்திருக்க வேண்டும். அங்கே ஆளே மாறிவிட்டார்கள்.

நாங்களும் தவறு செய்தோம். கடை விற்பனை குறைந்ததும் வீட்டுக்குப் போட்டு மாதக் கணக்கு எழுதலாம் என்று இறங்கினேன். அது காலைப் பேப்பருக்குத்தான் சரிப்பட்டு வரும். மாலைப் பேப்பர் வழியில் கண்டு, தோன்றி, சில்லறை கொடுத்து வாங்குகிற பொருள். மாதக் கடைசியில் பில் கொண்டு போனால், "பத்து நாள்தானுங்க படிச்சோம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். அதோடு ஆறரை மணி இருட்டில், மூடுபனியில் பையன்கள் மேடு ஏற வேண்டும். குன்னூரில் காட்டுமாடு வீதிக்குள் வரத் தொடங்கிய காலம் அது. பெட்போர்டுக்கு மேலே ஒரு வளைவில் பேப்பர் போடுகிற பையன் ஒருவன் காட்டுமாட்டுக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டான். சைக்கிளையும் பேப்பரையும் போட்டுவிட்டு ஓடி வந்தவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மறுநாளே இருட்டில் வீட்டுக்குப் போடுவதை நிறுத்தினேன். நாளைக்கு யாராவது மலையூரில் எதையாவது வீட்டுக்கு வீடு கொடுக்கிற தொழில் தொடங்கினால், லாபக் கணக்குப் போடுவதற்கு முன்னால் அந்தப் பாதையில் இருட்டிய பிறகு ஒரு வாரம் நீங்களே நடந்து பாருங்கள்.

அடுத்தது போஸ்டர். கடை வாசலில் கம்பிக் கிளிப்பில் தொங்குமே, அது. ஆரம்பத்தில் செய்தியைச் சொன்ன போஸ்டர், விற்பனை குறையக் குறையக் கள்ளக்காதல், கொலை, நடிகை என்று இறங்கியது. போஸ்டர் பரபரப்பாக இருக்கிற நாளில் ஐம்பது பிரதி சேர்த்து அனுப்புவார்கள். விற்காததைத் திருப்பி எடுக்க ஒரு நிர்வாகம் மறுத்துவிட்டது. நட்டம் எங்கள் தலையில். அதைவிடப் பெரிய நட்டம், "பிள்ளைங்க பார்க்கற இடத்துல இதைத் தொங்க விடாதீங்கண்ணா" என்று ஒரு டீச்சர் சொன்னது. அவர் இருபது வருஷமாக எங்களிடம் காலை, மாலை இரண்டும் வாங்கியவர். அன்றோடு மாலைப் பேப்பரை நிறுத்திக்கொண்டார். போஸ்டரால் பத்துப் பிரதி கூடுதலாக விற்ற நாளில் ஒரு வீட்டை நிரந்தரமாக இழந்தோம். இதை அப்போதே கணக்கு எழுதிப் பார்த்திருந்தால் எந்தப் போஸ்டரைத் தொங்கவிடுவது என்பதையாவது என் கையில் வைத்திருப்பேன்.

2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் போனார்கள். மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டது. ஊட்டி ரோடும் பல இடத்தில் சரிந்தது. கட்டு வரவில்லை. விற்க ஒன்றும் இல்லாமல் கடையைத் திறந்து வைத்திருந்தேன். என்ன ஆச்சரியம், கூட்டம் வந்தது. "கேத்தி பக்கம் போகலாமுங்களா?" "கோத்தகிரி வழியா வண்டி விடறாங்களா?" ரிசல்ட் பலகையை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சாக்பீஸால் எழுதி மாட்டினேன். எந்த ரோடு திறந்திருக்கிறது, எங்கே ஒரு பக்கம் மட்டும் வண்டி போகிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போடுகிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் எழுதினேன். நானே பார்த்ததா, லாரி டிரைவர் சொன்னதா, போலீஸ் சொன்னதா என்பதையும் எழுதினேன். ஒரு கிராமமே புதைந்துவிட்டது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். அந்த ஊரிலிருந்து வந்தவர் யாரையாவது பார்க்கும் வரை எழுத மாட்டேன் என்றேன். ஒரு மணி நேரம் கழித்து அந்த ஊர்க்காரரே நடந்து வந்தார். சரிந்தது ஒரு மாட்டுக் கொட்டகை. நல்லவேளை, நான் எழுதவில்லை.

அந்த நாலைந்து நாட்களில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. ஜனங்களுக்குச் சாயங்காலச் செய்தி வேண்டாம் என்று ஆகவில்லை. சாயங்காலம் வீடு திரும்புகிறவனுக்கு ரோடு திறந்திருக்கிறதா, நாளைக்கு ஸ்கூல் உண்டா, இன்றைக்கு இலைக்கு என்ன விலை போட்டார்கள் என்று தெரிய வேண்டும். கோயமுத்தூர்ப் பதிப்பில் எங்கள் மலைக்கு ஒரு ஓரத்தில் பத்து வரிதான் இடம். எண்பதுகளில் நான் கடையில் உட்கார்ந்த நாளிலேயே அது அப்படித்தான். வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். வழி வந்ததும் போனார்கள். இதை நான் அச்சகத்துக்குக் கடிதமாக எழுதியிருக்கலாம். எங்கள் ஏஜென்ட்டுகள் எல்லோரும் சேர்ந்து மலைக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

2020 ஊரடங்கில் பஸ் நின்றது, கட்டு நின்றது. பேப்பரைத் தொட்டால் நோய் ஒட்டும் என்ற பயத்தில் காலைப் பேப்பரையே பலர் நிறுத்தினார்கள். காலைப் பேப்பர் பாதியாவது திரும்ப வந்தது. மாலைப் பேப்பர் வரவில்லை. ஒரு காலத்தில் எங்கள் கடைக்கு மட்டும் 600 பிரதி வரும். 2021-இல் 40.

அந்த வருஷம் டிசம்பர் 8, புதன்கிழமை. கோயமுத்தூர் பக்கத்துச் சூலூரிலிருந்து எங்கள் பக்கத்து வெலிங்டனுக்கு வந்த ராணுவ ஹெலிகாப்டர் மதியம் காட்டேரிக்குப் பக்கத்தில் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் அதில் இருந்தார். அந்த ஊர் ஜனங்கள் குடத்தில் தண்ணீர் கொண்டு போய் ஊற்றினார்கள், கம்பளி கொண்டு போய்க் கொடுத்தார்கள். நாலு மணிக்குள், ஹெலிகாப்டர் மூடுபனிக்குள் மறைகிற வீடியோ என் போனுக்கே மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. என் முப்பத்துமூன்று வருஷத்தில் எங்கள் ஊர் வாசலிலேயே நடந்த பெரிய செய்தி அது. கட்டு வந்தது. மதியத்தோடு நின்றுபோன செய்தி அதில் இருந்தது. தளபதி இறந்துவிட்டதாக விமானப்படை அறிவித்தபோது மணி ஆறு. என் கையில் இருந்த பேப்பர் அதற்குள் பழையதாகிவிட்டது. 40 பிரதியில் அன்றைக்கு 22 மீந்தது. அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது கடையில் ஜெராக்ஸ், நோட்டுப் புத்தகம், காலைப் பேப்பர் மட்டும். பெரிய நாட்களின் மாலைப் பேப்பர்களில் ஒவ்வொரு பிரதியை அப்பா பரணில் வைத்திருந்தார். பூச்சி வராமல் இருக்க வேப்பிலை போட்டு, காடாத் துணியில் சுற்றி. மலைக் காற்றின் ஈரத்துக்குத் துணிதான் சரி. பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நீங்களும் பழைய பேப்பர் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச் மாத வெயில் நாளில் நிழலில் காயவிட்டு, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேதான் முதலில் போகும்.

போனில் ஊர்ச் செய்திக் குழு நடத்துகிற இரண்டு பையன்கள் மழைக்காலத்தில் கடைக்கு வருவார்கள். அவர்களிடம் பலகையைக் காட்டி, நேரம் போடு, யார் சொன்னது என்று போடு, தப்பாகப் போட்டிருந்தால் அழித்துவிட்டு ஓடாதே, தப்பு என்று அதற்குக் கீழேயே போடு என்பேன். ஒருவன் அப்படியே செய்கிறான். பலகை இன்னும் வாசலில்தான் மாட்டியிருக்கிறது. பலத்த மழை பெய்த நாளில் நாலரை மணிக்கு மேலே வருகிற பஸ் டிரைவரிடம் கேட்டு எழுதுவேன். போன வாரம் எழுதியது: மரப்பாலம், ஒரு பக்கம் மட்டும், 4.40, டிரைவர் சொன்னது. பைக்கில் வந்த ஒரு பெண் ஹெல்மெட்டைத் தூக்கிப் படித்துவிட்டு, வண்டியைக் கோத்தகிரிப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.